கம்பி வழி வந்த குரல்

கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவப் பெருந்தகை, அதனோடு அமையாது கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். அவ்வதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பிலே கற்பித்து வருபவர் யாம். ஆயினும், கேட்டல் என்னுஞ் செயலுக்குச் செவியொன்று மாத்திரம் போதாது, கேட்பிக்குங் கருவியும் செவ்வையாக அமைதல் வேண்டும் என்னும் உண்மையை எமது நாற்பத்தைந்தாம் வயதிலே, எமது வீட்டு விறாந்தையிலே, மாணவன் ஒருவன்பாற் கற்றுக்கொண்டோம். விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, இலக்கிய ஆராய்ச்சி எழுதுவதா, இதனை எழுதுவதா எனச் சிறிது தயங்கினோம். பழைய மாணவர் பலர்தம் வீடுகளிலும் இத்தகைய பழம்பெட்டிகளும் பழங்குரல்களும் உறங்கிக் கிடத்தல் கூடும் என்னும் எண்ணத்தால் இதனையே எழுதலானோம். ஆராய்ச்சியை எதிர்பார்த்த அன்பர்கள் பொறுத்தருள்வாராக.

எமது தந்தையார் இக்கல்லூரியின் பழைய மாணவர். பின்னர் அயற்கிராமப் பாடசாலையொன்றிலே தமிழ் கற்பித்தவர். யாழ்ப்பாணத்துப் பண்பாட்டினைக் கந்தபுராண கலாசாரம் எனப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் வழங்கியமையைப் பலரும் அறிவர். கோயிலிலே ஒருவர் புராணத்தை இசையோடு படிக்க, மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவர். எமது தந்தையார் பயன் சொல்லுபவர். 1985ஆம் ஆண்டிலே எமது ஊர்க்கோயிலிற் சூரபன்மன் வதைப் படலத்துக்கு அவர் பயன் சொன்னதை எமது தமையனார் ஒரு கசற்றிலே பதிவு செய்து வைத்தார். 1989ஆம் ஆண்டிலே கனடாவுக்குப் புறப்பட்டபோது அதனையும் தமது பெட்டியினுள் வைத்துக்கொண்டு சென்றார். சென்றது நன்றாயிற்று. வீட்டிலே எஞ்சியிருந்த கசற்றுகள் யாவும், 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்தபோது வீட்டோடு விடப்பட்டு அழிந்தன. தந்தையார் 2006ஆம் ஆண்டிலே சிவபதமெய்தினார். அதன்பின் அவர் குரல் எமது வீட்டிலே கேட்டதில்லை.

சென்ற ஆண்டு அவருடைய திவசத்துக்குச் சில வாரங்களின் முன், எமது பெறாமகன் அக்கசற்றினை இலக்கமுறைப் பதிவாக மாற்றி மின்னஞ்சல் வழியாக எமக்கு அனுப்பிவைத்தான். யாம் உவகை மேலிட்டு எமது மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சென்று, எண்பத்து மூன்று வயதான தாயாரின் சாய்மனைக் கதிரைக்கு அருகே வைத்து, ஒலியை உச்சத்துக்கு ஏற்றினோம். அம்மா சற்று நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். பின்னர், “உது ஆரடா தம்பி கதைக்கிறது?” என்றார். “அப்பாவெல்லே அம்மா, கோயிலிலை பயன் சொல்லுறார்” என்றோம். அம்மா தலையை அசைத்தார். “இல்லை. உது கொப்பற்றை குரல் இல்லை” என்று சொல்லிக் கண்களை மூடிக்கொண்டார்.

அன்றிரவு தமையனாரோடு தொலைபேசியிற் பேசியபோது, “அம்மாவுக்கு மறதி வந்திட்டுது, அப்பாவின் குரலையும் மறந்து போனா” என்று கூறினோம். மறுமுனையிலே நெடுநேரம் பேச்சில்லை. ஐம்பது ஆண்டு ஒருங்கு வாழ்ந்த ஒருவரின் குரலை ஒருத்தி மறந்தாள் என்று இத்துணை எளிதாகத் தீர்ப்புக் கூறினோமே என எண்ணி இன்று நாணுகின்றோம். அன்று அங்ஙனம் நாணவில்லை.

இரண்டு நாள் கழித்து உயர்தர வகுப்பிலே எழுத்துக்களின் பிறப்பைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். உந்தியில் எழுகின்ற காற்றானது நெஞ்சு, மிடறு, தலை முதலிய இடங்களில் நின்று ஒலியாகின்றது எனத் தொல்காப்பியர் பிறப்பியலிலே கூறுவர். நெஞ்சு என்னுஞ் சொல்லை வாயாற் சொல்லும்போது எமக்கு ஓர் ஐயம் பிறந்தது. எமது தந்தையாரின் குரல் நெஞ்சிலே பிறந்த குரல். தூணிற் கை வைத்தால் அதிர்வு தெரியும் என்று ஊரார் கூறுவர். மடிக்கணினி வழியே யாம் கேட்ட குரலிலோ மூக்கும் தலையும் இருந்தன, நெஞ்சு இருக்கவில்லை.

அவ்வையம் பொருத்தமானதே என்பதைப் பின்னர் விசாரித்து அறிந்தோம். ஆடவர் குரலின் அடிநிலை அதிர்வு செக்கனுக்கு ஏறத்தாழ 85 முதல் 180 வரை அமையும். மடிக்கணினியினுள் இருக்கும் ஒலிபெருக்கிகளோ இரண்டு விரல் அகலத்துக்கு மேற்படாதவை. அவற்றின் மென்றகடு தள்ளும் காற்று மிகச் சிறிதாதலின், செக்கனுக்கு இருநூறு அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட ஒலிகள் அவற்றிலே மிக மெலிந்து போகும். மறுபுறத்திலே, முதுமையடைந்த செவி முதலில் இழப்பது உயர்ந்த ஒலிகளை. ஆகவே கருவி தாழ்ந்த ஒலியைக் கொடாது நிற்க, செவி உயர்ந்த ஒலியை ஏலாது நிற்க, இடையிலே எஞ்சிய துண்டொன்றே எமது தாயாரைச் சென்றடைந்தது. அத்துண்டைக் கேட்டு, இஃது அவர் குரலன்று என அவர் கூறியது மறதியினாலா, மறவாமையினாலா என்பதைத் தேர்ந்து பார்த்தல் எமது கடமையாயிற்று.

வீட்டிலே தந்தையாரின் பழைய ஸ்ரீரியோ இருந்தது. 1977ஆம் ஆண்டின் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்து யப்பானியப் பொருள்கள் பெருகிய காலத்திலே, 1981இல், சீட்டுக்காசில் வாங்கியது. இசைத்தட்டுச் சுழற்றி, கசற் பெட்டி, விரியலாக்கி, முழங்கால் உயரமான இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் என்பன அதன் உறுப்புகள். 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது அதுவும் ஊமையாயிற்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னிலே வானொலி கேட்ட காலம் அது. சுழற்றுகின்ற வேலை எமக்குரியது. டைனமோவின் ஆறு உவோற்றுக்கு அப்பெரிய பெட்டி அசைந்து கொடாது. தந்தையார் அதனைப் பழைய சேலையாற் போர்த்து வைத்தார். 1996இல் யாம் திரும்பி வந்தபோது, சுழற்றியைக் காணவில்லை. விரியலாக்கி சரிந்த ஓடுகளின் கீழே போர்த்த சேலையோடு கிடந்தது. ஒரு ஸ்பீக்கரின் கடதாசியைக் கறையான் தின்றிருந்தது. பின்னாளில் நகரத்துப் பட்டறையொன்றிலே அவற்றைத் திருத்துவித்தோம். கசற் பெட்டியின் இறப்பர் நாடா உருகிப் போனமையால் அது மீளவில்லை.

கணினியின் ஒலியை இவ்விரியலாக்கிக்குள் அனுப்புதல் வேண்டும். கடையிலே ஒரு கம்பி வாங்கினோம். அதன் ஒரு முனையிலே, காதிற் பூட்டும் ஒலிக்கருவிக்குரிய 3.5 மில்லிமீற்றர்ச் செருகி. மறுமுனையிலே சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு செருகிகள். சிவப்பு வலப்பக்கத்துக்கு, வெள்ளை இடப்பக்கத்துக்கு என்பது உலகவழக்கு. இதுவரையும் தவறில்லை. விரியலாக்கியின் முதுகுப்புறத்தைத் திருப்பிப் பார்த்தபோதுதான் எமது புலமை எம்மைக் கவிழ்த்தது. அங்கே நான்கு சோடித் துவாரங்கள் இருந்தன: போனோ, ரியூனர், ஓக்ஸ், ரேப். போனோ என்பது குரல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது என யாம் அறிவோம். நுழைக்க வேண்டியது குரல். ஆதலாற் குரற்றுவாரத்திலே நுழைப்பதே முறை எனச் சொல்லாராய்ச்சி செய்து, போனோவிலே செருகினோம். அம்மாவை அழைத்து வந்து அமர்த்திவிட்டுத் திருகியைத் திருப்பினோம்.

எழுந்தது குரலன்று, பேரிரைச்சல். தந்தையாரின் சொற்கள் இடிபோல முழங்கி, ஒன்றோடொன்று நெரிந்து, கிழிந்து வந்தன. அம்மா இரு காதுகளையும் பொத்திக்கொண்டு எழுந்து உள்ளே சென்றார். “அவரை ஏனடா உப்பிடிப் படுத்துறாய்?” என்று போகும்போது கூறியது இன்னும் எமது நெஞ்சிலே நிற்கின்றது.

மறுநாள் இடைவேளையிலே, உயர்தரத்திற் பொறியியற் தொழினுட்பவியல் கற்கும் மாணவன் ஒருவனை அழைத்தோம். சாதாரண தரத்தில் எம்மிடந் தமிழ் கற்றவன். ரகர றகர வேறுபாடு அறியாமைக்காக எம்மிடம் பலமுறை ஏச்சுக் கேட்டவன்; பின்வாங்கில் அமர்பவன். நிகழ்ந்ததைக் கூறியவுடன் அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சேர், போனோ எண்டது றெக்கோட் பிளேயருக்கு. ஓக்ஸிலை குடுங்கோ” என்றான். ஏன் எனக் கேட்டோம். கரும்பலகையிலே படம் வரைந்து அவன் காட்டிய விளக்கத்தின் சாரம் இது.

இசைத்தட்டின் ஊசி பிறப்பிக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ 5 மில்லி உவோற்று மாத்திரமே. மடிக்கணினியின் துவாரத்திலிருந்து வருவது அரை உவோற்று முதல் ஓர் உவோற்று வரையிலாகும். அஃதாவது நூறு மடங்கு, இருநூறு மடங்கு. போனோத் துவாரத்தின் பின்னே, அந்நுண்ணிய மின்னைப் பெருக்குதற்கென ஒரு தனிச் சுற்று உண்டு. முன்னரே பெரியதாக வருவதை அதுவும் பெருக்க முயன்று, எல்லை கடந்து, அலையின் தலையை வெட்டிவிடுகின்றது. இஃதன்றி இன்னுமொரு காரணமும் உண்டு. இசைத்தட்டிலே தாழ்ந்த ஒலியை உள்ளவாறே பதித்தால், பள்ளம் அகன்று அடுத்த பள்ளத்தோடு முட்டும். ஆதலால் தாழ்ந்த ஒலியைக் குறைத்தும், தட்டின் உராய்வொலியை வெல்லுதற்காக உயர்ந்த ஒலியைக் கூட்டியும் பதிப்பர். அதற்குரிய அளவை 1954ஆம் ஆண்டிலே அமெரிக்க இசைத்தட்டுச் சங்கம் வகுத்தது. போனோச் சுற்று அதனை மறுதலையாக்கி, தாழ்ந்ததைக் கூட்டி உயர்ந்ததைக் குறைக்கும். கணினியிலிருந்து வரும் ஒலிக்கு அத்தகைய குறைத்தலுங் கூட்டலும் இல்லை. ஆகவே, போனோவினூடாகச் செல்லும்போது முழக்கம் மிகும், தெளிவு கெடும். ஓக்ஸ், ரியூனர், ரேப் என்னும் மற்றைத் துவாரங்களோ வந்ததை வந்தவாறே ஏற்பவை. அவற்றுள் எதனிலுஞ் செருகலாம். ரேப் ஆயின், பதிவுக்கென வெளிச்செல்லும் துவாரத்தை விடுத்து உள்வாங்கும் துவாரத்திலே செருகுதல் வேண்டும். ஸ்பீக்கர்க் கம்பி பூட்டும் முனைகளிலே கணினிக் கம்பியை ஒருபோதுந் தொடுக்கலாகாது; தொடுத்தாற் கணினி பழுதாகும்.

அன்று மாலை அம்மாணவன் சைக்கிளில் எமது வீட்டுக்கு வந்தான். விரியலாக்கியை நிறுத்திய நிலையிலே கம்பியை மாற்றினான். கணினியின் ஒலியை உச்சத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, விரியலாக்கியின் திருகியைச் சுழியிலிருந்து மெல்ல மெல்ல ஏற்றினான். குரல் தெளிந்து வந்தது. ஆயினும் அதன் அடியிலே ‘ம்’ என்றதோர் ஒலி ஓயாது தொடர்ந்தது. மகரக்குறுக்கம் கற்பித்திருக்கின்றோம்; மகரம் இத்துணை நீளக்கூடும் என்பதை அன்றுதான் கண்டோம்.

மாணவன் கணினியின் மின்னேற்றியைச் சுவரிலிருந்து கழற்றினான். மகரம் மறைந்தது. மீண்டுஞ் செருகினான், மீண்டும் ஒலித்தது. காரணம் இதுவே: பட்டறையிலே விரியலாக்கிக்கு மூன்று முனைச் செருகி பூட்டிப் புவித்தொடுப்புக் கொடுத்திருந்தனர். மின்னேற்றிக்கும் புவித்தொடுப்பு உண்டு. இரண்டும் வெவ்வேறு குதைகளிலே நிற்க, ஒலிக்கம்பி அவற்றை இணைத்தபோது ஒரு வளையம் உண்டாயிற்று. எமது நாட்டு மின்சாரம் 230 உவோற்று, செக்கனுக்கு 50 முறை ஆடுவது. அவ்வாட்டத்தின் சிறு பகுதி அவ்வளையத்திலே சுற்றி ஒலியோடு கலந்துவிடுகின்றது. கேட்கும் வேளையிற் கணினியை அதன் மின்கலத்திலே இயக்குதல் எளிய பரிகாரம். இரு கருவிகளையும் ஒரே பலகைக் குதையிலிருந்து இயக்குதலும் பெரும்பாலும் பயன்தரும். அதுவும் பலிக்காவிடின், ஒலிக்கம்பியின் நடுவே பூட்டுதற்குச் சிறு மாற்றிப் பெட்டி கடைகளிலே கிடைக்கும். “புவித்தொடுப்பு வயரை வெட்டச் சொல்லியும் சில பேர் சொல்லுவினம் சேர், அது உயிரோடை விளையாட்டு” என அவன் எச்சரித்தான். பின்வாங்கிலிருந்து இத்துணைத் தெளிவான வாக்கியம் ஒன்றை யாம் அதற்குமுன் கேட்டதில்லை. கேட்பதற்கு இடங்கொடுத்தோமா என்பதும் நினைவில்லை.

இன்னுமொரு குறை எஞ்சியது. குரல் இடப்பக்கப் பெட்டியிலிருந்து மாத்திரமே வந்தது. அதுவோ கறையான் தின்று திருத்திய பெட்டி. செருகி சரியாகப் பதியவில்லையோ என அழுத்திப் பார்த்தோம், குற்றம் அங்கில்லை. கசற்றை மாற்றியபோது பெறாமகன் ஒரு பக்கக் கம்பியை மாத்திரம் தொடுத்திருந்தான் போலும். பதிவின் வலப்பக்கம் வெறுமையாகவே இருந்தது. மாணவன் விரியலாக்கியின் முகப்பைத் துடைத்து, மோனோ என்னும் சிறு பொத்தானைக் கண்டு அழுத்தினான். இரு பக்கமும் ஒன்றாயின. சிறு வயதிலே தொட்டு விளையாடி அடி வாங்கிய பொத்தான் அது. அதன் பயன் நாற்பதாண்டு கழித்துத் தெரிந்தது.

அம்மா வர மறுத்தார். முதல்நாள் இரைச்சல் அவரை அஞ்சச் செய்திருந்தது. யாம் வற்புறுத்தவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு, பதிவைத் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டு, விறாந்தைப் படியிலே மாணவனோடு அமர்ந்தோம். கோயில் மணி கேட்டது. சனங்களின் சலசலப்புக் கேட்டது. பின்னர், படிப்பவர் பாடத் தொடங்குமுன், ஒருவர் இருமுறை தொண்டையைச் செருமினார். மடிக்கணினியிலே அச்செருமலை யாம் கேட்கவேயில்லை. பெரிய பெட்டியிலோ அது நிலத்தை அதிரச் செய்தது.

உள்ளேயிருந்து கைத்தடியின் ஒலி வந்தது. அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “உதுதான்” என்றார். “உப்பிடித்தான் இரண்டு தரம் செருமுவர். அந்த மாதம் முழுக்க இருமல். கொத்தமல்லி அவிச்சுக் குடுத்துத்தான் கோயிலுக்கு அனுப்பினனான்.”

முப்பத்தேழு நிமிடமும் அவர் கதிரையை விட்டு அசையவில்லை. சூரன் மாமரமாகி நின்ற இடத்தைத் தந்தையார் விரித்துரைத்தபோது, அவர் உதடுகளும் உடன் அசைந்தன. பதிவின் முடிவிலே, தீபாராதனை மணிக்கிடையே, சிறு பிள்ளையொன்று, “அப்பா, வீட்டை போவமே?” எனச் சிணுங்கும் ஒலி கேட்டது. யார் வீட்டுப் பிள்ளையோ என யாம் எண்ணினோம். “அது நீயடா” என்றார் அம்மா.

அன்றிரவு தமையனாரை மீண்டும் அழைத்து, “மறந்தது அம்மா இல்லை அண்ணா, நாங்கள் கேட்கக் குடுத்த விதம் பிழை” என்றோம். திவசத்தன்று கனடாவிலும் ஈண்டும் ஒரே வேளையில் அப்பதிவு ஒலித்தது.

ஆசிரியராகிய எமக்கு இதனால் ஓர் எண்ணம் பிறந்தது. வகுப்பிலே யாம் சொல்வது ஒரு மாணவனைச் சென்றடையாவிடின், அவனுக்கு நினைவாற்றல் இல்லை, அவன் மந்தன் எனத் தீர்ப்பளித்துவிடுகின்றோம். எமது குரல் எந்தத் துவாரத்தினூடாகச் செல்கின்றது, எதனை இழந்து செல்கின்றது என ஒருபோதும் திரும்பிப் பார்ப்பதில்லை. இப்பொழுது பின்வாங்கிலிருந்து ஒருவன் விளங்கவில்லை என்றால், யாம் முதலிற் கம்பியைப் பார்க்கின்றோம். அம்மாணவனுடைய ரகர றகரத்தை இன்னுந் திருத்திக்கொண்டுதான் இருக்கின்றோம், அவனும் பொறுத்துக்கொள்கின்றான்.

பழைய மாணவராகிய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். இக்கல்லூரி மண்டபத்திலே பேசிய ஆசான்களின் குரல்கள், பரிசளிப்பு விழாக்களின் உரைகள், நாடகங்கள், சரசுவதி பூசையிற் பாடிய பிள்ளைகளின் பாடல்கள் என்பன உங்கள் வீட்டுப் பரண்களிலே கசற்றுகளாகக் கிடத்தல் கூடும். காந்தநாடா ஆண்டுதோறும் நலிவடைவது. பூஞ்சணம் அதற்குப் பகை. இயன்ற விரைவில் அவற்றைக் கணினிக்கு மாற்றி, ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்துக்கு அளியுங்கள். மாற்றும்போது இரு பக்கக் கம்பிகளையுந் தொடுங்கள். கேட்கும்போது சிறு கருவியிற் கேட்டுத் தீர்ப்புக் கூறாது, நல்லதொரு பெட்டியிலே, ஓக்ஸ் என்னுந் துவாரத்திலே செருகிக் கேளுங்கள். ஐயமுண்டாயின் எமது மாணவரை அழையுங்கள்; சைக்கிளில் வருவார்கள்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க. அவள் மடியிற் பேசிய குரல்கள் மறையாது நிலைபெறுக.